மூன்றாம் மாதம், மூவாயிரம் ரூபாய்: எதை முதலில் மாற்றுவது?

மதுரையிலிருந்து தங்கை போன் செய்தபோது இரவு பத்தரை இருக்கும். "அக்கா, வீட்டுல இருக்கற பிளாஸ்டிக் எல்லாத்தையும் ஒரு சாக்குல போட்டுக் கட்டிட்டேன். அம்மா திட்டறாங்க. நீ சொல்லு, தூக்கிப் போடலாமா வேண்டாமா?" அவளுக்கு அப்போது பதினோராவது வாரம். பிறக்கும் குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தில் 287 ரசாயனங்கள் இருக்கின்றன என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். சாக்கில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டேன். பருப்பு டப்பாக்கள், ஃப்ரிட்ஜ் பாட்டில், இட்லி வைக்கும் ஹாட்பாக்ஸ், ஒரு குளியல் வாளி. வாளி எதற்கு என்றேன். அதற்குப் பதில் இல்லை.

அந்த 287 பொய்க்கணக்கு இல்லை. அமெரிக்காவில் 2004 ஆகஸ்ட், செப்டம்பரில் பிறந்த 10 குழந்தைகளின் கொடி ரத்தத்தில் ஒரு தன்னார்வ அமைப்பு 413 ரசாயனங்களைத் தேடியது, 287 கிடைத்தன. அதே அமைப்பு 2009-இல் இன்னொரு 10 குழந்தைகளைப் பார்த்தபோது, 9 பேரிடம் கெட்டியான பிளாஸ்டிக் செய்ய உதவும் பிஸ்ஃபீனால் ஏ, சுருக்கமாகப் பிபிஏ, இருந்தது. பத்துக் குழந்தைகளை வைத்து ஊருக்கே கணக்குச் சொல்ல முடியாது. 'இருக்கிறது' என்பதும் 'கெடுக்கிறது' என்பதும் வேறு வேறு. ஆனாலும் ஒரு விஷயம் அதோடு உறுதியானது: நஞ்சுக்கொடி எல்லாவற்றையும் வடிகட்டிவிடும் என்ற பழைய நம்பிக்கை சரியில்லை.

அந்த நம்பிக்கை உடைந்த கதை இன்னும் பழையது. லண்டனில் சார்லஸ் டாட்ஸ் என்பவர் 1938-இல் டிஇஎஸ் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனை, அதாவது பெண் ஹார்மோன் போன்ற ஒன்றை, தயாரித்தார். கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி, அமெரிக்காவில் லட்சக்கணக்கான கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுத்தார்கள். 1971-இல் பாஸ்டனில் எட்டு இளம்பெண்களுக்கு மிக அரிதான யோனிப் புற்றுநோய் வந்திருப்பதை மருத்துவர்கள் கவனித்தார்கள். அவர்களில் ஏழு பேரின் தாய்மார் கர்ப்பக் காலத்தில் டிஇஎஸ் சாப்பிட்டவர்கள். தாய்க்கு அப்போது ஒன்றும் தெரியவில்லை; வயிற்றில் இருந்த மகளுக்கு இருபது வருஷம் கழித்துத் தெரிந்தது. அதே டாட்ஸ் 1936-லேயே பிபிஏவுக்கும் ஈஸ்ட்ரோஜன் குணம் உண்டு என்று எழுதியிருந்தார். அப்புறம் அது மருந்தாகவில்லை, பிளாஸ்டிக்காகிவிட்டது. நம் வீட்டில் உடையாத பாட்டிலாக வந்து உட்கார்ந்தது.

டிஇஎஸ் வீரியமான மருந்து. பிபிஏ அதைவிடப் பல மடங்கு பலவீனமானது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பயமுறுத்துபவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் கையில் ஒன்பது மாதமும், தங்கை விஷயத்தில் மூவாயிரம் ரூபாயும் இருக்கும்போது எதில் செலவழிப்பது என்பது நியாயமான கேள்விதான். நான் எல்லாவற்றையும் ஒரே கேள்வியில் போட்டுச் சலித்தேன்: உள்ளே போனது எத்தனை நாள் தங்கும்?

பிபிஏவில் பாதி சுமார் ஆறு மணி நேரத்தில் சிறுநீரில் போய்விடும். பிளாஸ்டிக்கை வளையச் செய்யும் தாலேட்டுகளும் ஒரு நாளுக்குள் வெளியேறிவிடும். தினமும் புதிதாக உள்ளே போவதால்தான் அவை எப்போதும் உடம்பில் இருக்கின்றன. வழியை அடைத்தால் இரண்டு மூன்று நாளில் அளவு இறங்கிவிடும். பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் போன்ற ஃப்ளூரின் ரசாயனங்கள் அப்படியில்லை. அவற்றில் பாதி குறைவதற்கே வருஷக்கணக்கில் ஆகும். டிடிடி என்ற பழைய பூச்சிமருந்து உடைந்து உண்டாகும் டிடிஇயும் அதே ரகம். கொழுப்பில் ஒட்டிக்கொண்டு பல வருஷம் கிடக்கும். தங்கையின் உடம்பில் இருக்கும் டிடிஇ அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் சேர்ந்ததாகக்கூட இருக்கலாம். இன்று எதைத் தூக்கிப் போட்டாலும் அது நகராது.

ஆக, மூவாயிரம் ரூபாய் சீக்கிரம் வெளியேறும் சரக்குக்கு மட்டும்தான்.

ரத்தத்தைச் சோதித்துப் பார்க்கலாமா?

இதுதான் அவள் கணவர் கேட்டது. பிரசவத்தின்போது கொடி ரத்தத்தை எடுத்து அனுப்பினால் தெரிந்துவிடுமே என்றார். வேண்டாம் என்றேன். முதலாவது, முடிவு வரும்போது கர்ப்பம் முடிந்திருக்கும். இரண்டாவது, ஆறு மணி நேரத்தில் பாதியாகிற ஒன்றை ஒரே ஒரு தடவை அளந்தால், முந்தின நாள் என்ன சாப்பிட்டாள் என்பதுதான் தெரியும். மூன்றாவது, பிரசவ அறையில் ஏறும் டிரிப்ஸ் குழாய்களும் பைகளும் பெரும்பாலும் பிவிசி. அதிலேயே தாலேட் உண்டு. ரத்தத்தில் தெரிவது குழந்தையுடையதா குழாயுடையதா என்று விஞ்ஞானிகளே வருஷக்கணக்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள். இந்த அளவைத் தாண்டினால் இந்த வைத்தியம் என்று சொல்ல டாக்டரிடமும் எந்தக் கோடும் கிடையாது.

கொடி ரத்தத்தில் ஒன்றைச் சோதிக்கச் சொல்லிக் கேட்பதானால், அது தைராய்டு. இந்தியாவில் ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளுக்கு ஒன்று தைராய்டு குறைபாட்டோடு பிறக்கிறது. பிறந்தவுடன் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் குழந்தை மற்ற பிள்ளைகளைப் போலவே வளரும். விட்டுவிட்டால் மூளை வளர்ச்சி குன்றும். கொடி ரத்தத்தில் இதைக் காட்டும் டிஎஸ்எச் ஹார்மோனைப் பார்க்கலாம், அல்லது மூன்றாம் நாள் வாக்கில் குதிகாலில் ஒரு சொட்டு எடுத்துப் பார்க்கலாம். குதிகால் சோதனையில் தவறான எச்சரிக்கை குறைவு. ஆனால் சீக்கிரம் டிஸ்சார்ஜ் ஆகி ஊருக்குப் போய்விடுபவர்களுக்குக் கொடி ரத்தமே நல்லது. பிள்ளைக்கு ஊசியும் கிடையாது. எந்த வழி என்று ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள் என்றேன். அயோடின் உப்பை விட்டுவிட்டு வெறும் கல்லுப்புக்கு மாறியிருந்தாள். அதையும் திருப்பி மாற்றச் சொன்னேன். ஹார்மோனைக் கெடுப்பதைத் தேடிக்கொண்டு, ஹார்மோன் செய்யத் தேவையானதை விட்டுவிடக் கூடாது இல்லையா?

சாக்கைத் திறந்தோம்

வீடியோ காலில் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும், அதைப் படி என்றேன். பருப்பு டப்பாக்களில் 5. அது பாலிபுரோப்பிலீன்; பிபிஏ இல்லாத வகை. உள்ளே இருப்பதோ உலர்ந்த துவரம்பருப்பு. சூடும் இல்லை, எண்ணெயும் இல்லை. திரும்ப அலமாரிக்கே போகட்டும். வாளியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஃப்ரிட்ஜ் பாட்டிலில் 1 என்று இருந்தது. பெட் வகை, அதிலும் பிபிஏ கிடையாது. குளிர்ந்த தண்ணீருக்குப் பரவாயில்லை. வெந்நீர் ஊற்றக் கூடாது.

ஹாட்பாக்ஸ்தான் மாட்டிக்கொண்டது. உள்ளே எவர்சில்வர் வைத்த வகையாக இருந்தால் சாக்கிலிருந்து வெளியே வந்திருக்கும். அவளுடையது உள்ளேயும் பிளாஸ்டிக். அடியில் எண்ணே இல்லை. ஆவி பறக்கும் இட்லியை அதில் அடுக்கி மூடி வைப்பாள். காலையில் திறந்தால் மூடியின் உள்பக்கம் வேர்த்து, சொட்டுச் சொட்டாக இட்லி மேல் விழும். மூவாயிரத்தில் முதல் செலவு அதற்குத்தான்.

சூட்டை ஏன் இவ்வளவு பிடித்துக்கொள்கிறேன் என்றால், கையில் இருக்கும் ஆய்வுகள் அப்படி. ஹார்வர்டில் 77 மாணவர்களை ஒரு வாரம் பிபிஏவில் இருந்து செய்யும் பாலிகார்பனேட் பாட்டிலில் குடிக்க வைத்தார்கள். 2009-இல் வெளியான அந்த முடிவில் சிறுநீரில் பிபிஏ 69 சதவீதம் ஏறியிருந்தது. அவர்கள் குடித்தது குளிர்ந்த பானங்கள்தான். சின்சினாட்டியில் 2008-இல் அதே வகை பாட்டிலில் கொதிநீரை ஊற்றிப் பார்த்தபோது, பிபிஏ கசியும் வேகம் 55 மடங்கு வரை போனது. நம் ஊரில் குளிர்ந்ததை ஊற்றுவதைவிடக் கொதிக்கக் கொதிக்க ஊற்றுவதுதான் அதிகம். சாம்பார் பார்சலை நினைத்துக்கொள்ளுங்கள்: மெல்லிய கவரில் ஊற்றி ரப்பர் பேண்ட் சுற்றி, கவர் பலூன் மாதிரி உப்பி, தொட்டால் கை சுடும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட சமாச்சாரம். இன்றைக்கும் எங்கள் தெரு முனையில் கிடைக்கிறது. அதற்கு மாற்று தூக்குவாளி. ஹோட்டலில் கொடுத்தால் மறுப்பதில்லை, ஒரு கரண்டி கூடவே ஊற்றுவார்கள்.

'பிபிஏ இல்லாதது' என்று ஒட்டி வரும் விலை கூடின பாட்டில் வாங்கலாமா என்று கேட்டாள். அதில் எனக்கு நம்பிக்கை குறைவு. கெட்டியான, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் பிபிஏவை எடுத்துவிட்டு அதன் சகோதரர்களான பிஸ்ஃபீனால் எஸ், எஃப் என்று போடுகிறார்கள். சோதனைக்கூடத்தில் அவையும் ஏறக்குறைய அதே அளவு ஹார்மோன் வேலை காட்டுகின்றன என்று 2015-இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு வந்த அதே ஆள். எவர்சில்வர் பாட்டில் அதைவிட மலிவு, கீழே விழுந்தாலும் ஒரு சொட்டை விழும், அவ்வளவுதான். கண்ணாடி இன்னும் சுத்தம், ஆனால் பஸ்ஸில் போய் வேலை பார்க்கிறவளுக்கு ஆகாது. வீட்டில் ஊறுகாய்க்கும், மைக்ரோவேவில் சூடு பண்ணவும் வைத்துக்கொள்ளட்டும். அலுமினிய பாட்டில் வேண்டாம். உலோகம் என்று நினைத்து வாங்குவோம், உள்ளே பல சமயம் எபாக்சி பூச்சு இருக்கும். அந்தப் பூச்சு பிபிஏ குடும்பம். டின் உணவுகளின் உள்பூச்சும் அதே கதைதான். நம் வீட்டில் டின் சூப் குடிப்பவர் யார்?

இருபது லிட்டர் தண்ணீர் கேன் பற்றித்தான் நான் கொஞ்சம் தயங்கினேன். பல கேன்கள் பாலிகார்பனேட், அடியில் 7 என்று இருக்கும். வெயிலில் வண்டியில் நின்று வருகின்றன. மாற்றினால் நல்லதுதான். ஆனால் அதற்குப் பதிலாக எந்தத் தண்ணீர்? காய்ச்சாத குழாய்த் தண்ணீர் என்றால் கேனே மேல். அசுத்தத் தண்ணீரில் வரும் ஹெபடைட்டிஸ் இ மஞ்சள் காமாலை, கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் உயிருக்கே உலை வைக்கும். எந்தப் பிபிஏவும் அந்த வேகத்தில் ஆபத்தில்லை. குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி எவர்சில்வர் குடத்தில் ஆற வைத்தால் இரண்டு கவலையும் தீரும். முடியாத நாளில் கேன் தண்ணீர் குடி, மனசைப் போட்டு உழப்பாதே என்றேன்.

மல்லித்தூள்

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. நானும் முதலில் நம்பவில்லை.

கதையின் முதல் பாதி நம்பிக்கையானது. சான்பிரான்சிஸ்கோ பக்கம் 5 குடும்பங்களுக்கு, 20 பேருக்கு, மூன்று நாள் டின்னோ பிளாஸ்டிக்கோ தொடாத புதிய சாப்பாடு கொடுத்தார்கள். சிறுநீரில் பிபிஏ சராசரியாக 66 சதவீதம் இறங்கியது. டிஇஎச்பி என்ற தாலேட்டின் கழிவும் பாதிக்கு மேல் குறைந்தது. 2011-இல் வந்த ஆய்வு. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் இரண்டும் மறுபடி ஏறின. மூன்று நாளில் இவ்வளவா என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள்.

சியாட்டிலில் 10 குடும்பங்களிடம் இதையே திருப்பிச் செய்தார்கள். ஒரு பாதிக் குடும்பங்களுக்கு அறிவுரைத் தாள் மட்டும். மறுபாதிக்குப் பிளாஸ்டிக் படாமல் சமைத்த இயற்கை விளைபொருள் சாப்பாடு. குறைய வேண்டிய டிஇஎச்பி, சாப்பாடு கொடுத்தவர்களுக்கு ஏறக்குறைய 25 மடங்கு ஏறிவிட்டது! தலையைப் பிய்த்துக்கொண்டு ஒவ்வொரு பொருளாகச் சோதித்தால், பாலிலும் வெண்ணெயிலும் கொஞ்சம், பட்டைத்தூளிலும் மிளகாய்த்தூளிலும் கொஞ்சம். அரைத்த கொத்தமல்லித் தூளில் மட்டும் கிராமுக்கு 21,400 நானோகிராம். 2013-இல் வெளியான முடிவு அது. ஒரே ஒரு சரக்கு வந்த வழியில் எங்கோ பிவிசி குழாயையோ உறையையோ தொட்டிருக்க வேண்டும். எல்லா மல்லித்தூளும் அப்படி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கொழுப்புள்ள பொடி, பிளாஸ்டிக்கைத் தொட்டுக்கொண்டே பல மாதம் இருந்தால் உறிஞ்சிக்கொள்ளும் என்பதில் ஆச்சரியம் இல்லை. சியாட்டில்காரர்களுக்கு மல்லித்தூள் எப்போதாவது ஒரு சிட்டிகை. நமக்கு தினமும் குழம்பில் இரண்டு கரண்டி.

பாட்டில் மாற்றுவதோடு ஒப்பிட்டால் இதில் செலவும் குறைவு. முழு மல்லி, காய்ந்த மிளகாய் வாங்கி வறுத்து மில்லில் கொடுத்து அரைத்தால் போதும். ருசி தனி. மில்லில் இருந்து வரும் பொடி கை பொறுக்காத சூட்டில் இருக்கும்; அதை அப்படியே பாலித்தீன் கவரில் கட்டிக் கொண்டுவந்தால் அரைத்ததற்கே பிரயோஜனம் இல்லை. எவர்சில்வர் தூக்கில் வாங்கி, வீட்டுக்கு வந்து வெள்ளைத் துணியில் பரப்பி ஆற விட வேண்டும். செய்தித்தாளில் பரப்பாதே, மை ஒட்டும் என்றேன்.

பில் ரோல்

தங்கை ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். பண்டிகை நேரத்தில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் கிழித்துக் கொடுப்பாள். அந்த வழவழப்பான தாளில் எழுத்தை வரவைப்பது பெரும்பாலும் பிபிஏ அல்லது பிஸ்ஃபீனால் எஸ். பிளாஸ்டிக்கில் பிணைந்து கிடப்பது போல இல்லாமல் தாளின் மேல் பொடியாகவே இருக்கும். 2014-இல் வெளியான ஒரு சோதனையில் 24 பேர் இரண்டு மணி நேரம் வெறும் கையால் பில் தாளைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள். சிறுநீரில் பிபிஏ லிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமில் இருந்து 5.8 ஆக ஏறியது. கையுறை போட்டபோது அப்படி ஏறவில்லை. அதே வருஷம் இன்னொரு குழு, சானிடைசர் தடவிய ஈரக் கையோடு தாளைப் பிடித்தால் தோல் வழியாக இன்னும் அதிகம் போகும் என்று காட்டியது. அவள் மேசையில் சானிடைசர் பாட்டில் நிற்கிறது, கடையே வாங்கி வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரியிலிருந்து பில் தாளில் பிபிஏவுக்குக் கடும் வரம்பு வைத்துவிட்டது.

ஆக, வீட்டில் சாக்குக் கட்டியவளுக்குக் கடையில்தான் பெரிய வழி திறந்து கிடந்தது. கையுறை போட மேனேஜர் சம்மதிக்கவில்லை, வாடிக்கையாளர் முகம் சுளிப்பார்களாம். சரி, சானிடைசரைத் தள்ளி வை, டிபன் பாக்ஸைத் திறக்கும் முன் சோப்புப் போட்டுக் கழுவு, மடித்த பில்லை வாயில் கவ்வாதே. இதற்குச் செலவு பூஜ்யம். பின்னால் அவளாகவே பேசி, ஆறு மாதத்துக்குத் துணி மடிக்கும் பிரிவுக்கு மாறிக்கொண்டாள். மூவாயிரம் ரூபாய் சாமான்கள் எல்லாம் சேர்ந்து செய்ததைவிட இது பெரிது என்பது என் கணிப்பு.

சோப்பு, ஷாம்பூ, சென்ட் விஷயத்திலும் வாங்குவதைவிட விடுவதுதான் வழி. கலிஃபோர்னியாவின் சலினாஸில் 100 பதின்வயதுப் பெண்கள் மூன்று நாள் மட்டும் வேறு அழகுப் பொருள்கள் போட்டபோது, வாசனைப் பொருள்களோடு வரும் தாலேட்டின் கழிவு 27 சதவீதமும், அழகுப் பொருள் கெடாமல் இருக்கச் சேர்க்கும் மெத்தில் பாராபென் 44 சதவீதமும் இறங்கின. பாடி ஸ்ப்ரேயை ஆறு மாதம் விட்டால் யாரும் செத்துவிட மாட்டார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளில் மட்டும் கை வைக்கக் கூடாது. சில மாத்திரைப் பூச்சிலும் தாலேட் உண்டு என்று படித்துவிட்டு நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். இரும்பு மாத்திரையை விட்டால் வரும் ரத்தசோகை கண்ணுக்கு முன்னால் நிற்கும்.

நான்ஸ்டிக் தவாவைக் கடைசியில் வைத்தேன். எல்லாரும் முதலில் தூக்கிப் போடுவது அதைத்தான். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு: அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் டூபான்ட் ஆலையில் 1981-இல் ஒரு பெண் ஊழியரின் குழந்தையின் கொடி ரத்தத்தில், நான்ஸ்டிக் பூச்சு செய்யப் பயன்பட்ட பிஎஃப்ஓஏ கண்டுபிடிக்கப்பட்டது. நஞ்சுக்கொடியைத் தாண்டுகிறது என்ற இந்தத் தகவலை நிறுவனம் அரசிடம் சொல்லவில்லை என்று வழக்கு வந்து, 2005-இல் 1.65 கோடி டாலருக்குத் தீர்த்துக்கொண்டார்கள். ஆனால் அது ஆலையும் அதன் தண்ணீரும். தவாவின் கெட்டியான பூச்சிலிருந்து தோசைக்கு வருவது அதில் சொற்பம். உள்ளே ஏற்கெனவே சேர்ந்திருப்பது குறையவோ வருஷங்கள் ஆகும். காலி தவாவைப் பெரிய தீயில் காய விடாதே, பூச்சு உரிந்தால் மாற்று. அடுத்த தடவை இரும்புக் கல் வாங்கிக்கொள். அவசரமில்லை. டிடிஇ போன்ற பழைய சரக்கு தாய்ப்பாலிலும் வரும். அதற்காகப் பால் கொடுப்பதை நிறுத்தச் சொல்லி உலக சுகாதார அமைப்பு சொல்லவில்லை. அது வரும் பூச்சிமருந்தும் குப்பைமேடும் நம் கையில் இல்லை, அரசு கை வைக்க வேண்டிய இடம்.

இதற்கெல்லாம் என்ன பலன், குழந்தைக்கு எவ்வளவு நல்லது என்று அவள் கணவர் கேட்டார். நேராகச் சொன்னேன்: சிறுநீரில் அளவு இறங்கும் என்பது உறுதி. குழந்தையில் எது மாறும் என்பதற்கு இருக்கும் ஆதாரம் பெரும்பாலும் தொடர்புகள்தான். தாய்க்குத் தாலேட் அதிகமாக இருந்தால் ஆண் குழந்தைகளின் பிறப்புறுப்பு அளவுகளில் சின்ன வித்தியாசம் தெரிகிறது என்று 2005 முதல் ஆய்வுகள் வருகின்றன. அந்த உறுப்புகள் உருவாவதும் 8 முதல் 14-ஆம் வாரத்துக்குள். அவள் அதன் நடுவில் இருந்தாள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023-இல் பிபிஏவின் தினசரி வரம்பை 20,000 மடங்கு குறைத்தது. ஜெர்மனியின் சொந்த நிறுவனமே அவ்வளவு தேவையில்லை என்று மறுத்தது. பெரியவர்கள் சண்டை முடியட்டும். ஹாட்பாக்ஸ் வாங்க அதற்காகக் காத்திருக்க வேண்டுமா?

ஒரு ஹாட்பாக்ஸ், இரண்டு எவர்சில்வர் பாட்டில், ஒரு தூக்கு, இரண்டு கிலோ முழு மல்லி. மூவாயிரத்தில் மிச்சமும் இருந்தது. சாக்கை அம்மாவே அவிழ்த்து, டப்பாக்களைக் கழுவி அடுக்கிவிட்டாராம். போன வாரம் மறுபடி போன். மில்லில் வரிசையில் நின்றுகொண்டு பேசினாள், பின்னால் மிஷின் சத்தம்.

"அக்கா, மாவு விழற வாய்ல ஒரு பிளாஸ்டிக் பையை நீளமா மாட்டி வெச்சிருக்காங்க. பொடி அது வழியாத்தான் வருது. என்ன பண்ண?"

"கழட்டச் சொல்லிக் கேட்டுப் பாரு."

"கேட்டேன். பறக்கும்மாங்குறார்."

"அப்போ வீட்டுல மிக்ஸியில அரை. ஜார் எவர்சில்வர்தானே?"

"ஜார் எவர்சில்வர். மூடி பிளாஸ்டிக்கா இருக்கே."